சிட்டையும் பேரேடும்



"சேர், சனிக்கிழம சனிக்கிழம உங்கட போன்ல கிழமை ரிப்போர்ட் தானா வருதாமே, எங்களுக்கும் அதச் செஞ்சு தாங்களேன்." இந்தத் தவணையில் ஆசிரியர் அறையில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்டது இதுதான். செய்து தரலாம். பெரிய வித்தையும் இல்லை. ஆனால் நான் செய்த முதலாவது ஏற்பாடு பிழைத்துப் போனது. ஏன் பிழைத்தது என்று தேடிப் போன இடத்தில் ஒரு வரலாறு கிடைத்தது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றது. பதிவு கொஞ்சம் நீளம், தேநீர் ஊற்றிக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் பிழைத்த கதை. நான் வகுப்பு முடிந்ததும் போனில் ஒரு வரி, இரண்டு வரி எழுதி வைப்பவன். எந்தப் பாடம் ஓடியது, எது விளங்கவில்லை, யார் வரவில்லை, யார் சண்டை. திகதி போட்டுச் சேர்ந்துவிடும். போன வருடம் அதைக் கணினியோடு இணைத்தேன். வெள்ளி இரவு அந்தக் கிழமையின் குறிப்புகள் எல்லாவற்றையும் அது தானாகப் பொறுக்கி, ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்து, பத்து வரியில் சுருக்கி, சனி காலை எனக்கு அனுப்பும். பார்க்க வெகு அழகு. "பின்னம் மீளக் கற்பிக்கப்பட வேண்டும், வரவு திருப்தி, வகுப்பு பொதுவாக உற்சாகம்" என்று ஒரு கல்வி அதிகாரி எழுதியது போல இருக்கும். குறிப்புகளைத் திரும்ப வாசிப்பதை நான் நிறுத்திவிட்டேன். எதற்கு வாசிக்க வேண்டும்? அதுதான் வாசித்துவிட்டதே.

அந்த நாட்களில் ஒரு செவ்வாய்க்கிழமை நான் எழுதிய வரி இது: "ஒன்றும் சாப்பிடாமல் வந்த மாதிரி, தலையை மேசையில் வைத்திருந்தது." அடுத்த கிழமை இன்னொரு பிள்ளையைப் பற்றிய ஆறு வரிகளுக்கு நடுவே அதே பிள்ளையைப் பற்றி மறுபடியும் ஒரு வரி. மூன்றாவது கிழமையிலும் ஒன்று. மூன்றும் என் கையால் எழுதியவை. மூன்று சனிக்கிழமைச் சுருக்கத்திலும் ஒன்றுகூட இல்லை. வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்று எனக்குத் தெரிய வந்தது ஒரு மையித்து வீட்டு வாசலில், வேறு யாரோ பேசியதிலிருந்து. பிள்ளையின் பெயரும் வகுப்பும் இங்கே வேண்டாம். இப்போது அல்ஹம்துலில்லாஹ், நன்றாக இருக்கிறது.

அன்று இரவு எனக்கு ஞாபகம் வந்தது மூத்தாப்பாவின் சில்லறைக் கடை.

அவரிடம் இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒன்று சிட்டை. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும், எண்ணெய்க் கறை படிந்திருக்கும். யார் கடன் வாங்கினாலும் அந்த இடத்திலேயே அதில் ஒரு கிறுக்கல்: சீனி, மாசி, கொச்சிக்காய், பெயர், தொகை. கடைப் பொடியனும் எழுதுவான், வாப்பாவும் எழுதுவார். மற்றது பேரேடு. தடித்த அட்டை, ஆளுக்கொரு பக்கம், அதில் மூத்தாப்பாவைத் தவிர யாரும் கை வைக்கக்கூடாது. வெள்ளிக்கிழமை கடை பூட்டும் நேரத்தில் சிட்டையைத் திறந்து வைத்து, ஒவ்வொரு வரியாகப் பேரேட்டுக்கு மாற்றுவார். மாற்றிய வரியின் மேல் ஒரு கோடு. நடுவில் திடீரென்று பேனையை வைத்துவிட்டு, "இவன் மூணு கிழமையா அரிசி எடுக்கல்ல, சீனி மட்டும்தான் எடுக்கிறான், என்ன விசயம்?" என்பார். சில நேரம் எழும்பி அந்த வீட்டுப் பக்கம் நடப்பார். கடனை வசூலிக்கப் போகிறார் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

இந்த இரு புத்தக முறைக்கு நீண்ட வயது. 1494 இல் வெனிஸ் நகரில் லூக்கா பச்சியோலி என்ற கிறிஸ்தவத் துறவி ஒரு பெரிய கணித நூலை அச்சிட்டார். அதன் ஒரு பகுதி வெனிஸ் வியாபாரிகளின் கணக்கு முறை. க.பொ.த சாதாரண தரத்தில் வணிகக் கல்வி படித்தவர்களுக்கு இரட்டைப் பதிவு ஞாபகம் இருக்கும். அதைக் கண்டுபிடித்தவர் அவரல்ல, வியாபாரிகள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததை எழுதி அச்சில் ஏற்றியவர். அவர் சொல்வது மூன்று புத்தகம்: நினைவுப் புத்தகம், நாளேடு, பேரேடு. முதலாவதில் முதலாளி இல்லாத நேரம் வேலைக்காரரும் வீட்டுப் பெண்களும்கூட எழுதலாம், எப்படி வேண்டுமென்றாலும் எழுதலாம். அங்கிருந்து நாளேட்டுக்கு மாற்றினால் அந்த வரியின் மேல் கோடு போட வேண்டும், நாளேட்டிலிருந்து பேரேட்டுக்கு மாற்றும்போதும் அப்படியே. வெனிஸ் எங்கே, எங்கள் ஊர்க் கடைத் தெரு எங்கே! ஆனாலும் மூத்தாப்பாவின் கோடு அதே கோடுதான்.

நெஞ்சைக் கணக்குப் பார்ப்பதும் கடையைக் கணக்குப் பார்ப்பதும் ஒரே சொல்லில் வந்தது நம்மவர்களுக்குப் புதிதல்ல. 781 இல் பஸ்ராவில் பிறந்து 857 இல் பக்தாதில் மறைந்த அல்-ஹாரித் என்ற அறிஞரை வரலாறு அல்-முஹாஸிபி என்றே அழைக்கிறது, தன்னைத் தானே கணக்குக் கேட்பவர் என்று. இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் இதற்கென்று ஒரு பாகமே எழுதினார். வியாபாரி தன் கூட்டாளியோடு முதலில் நிபந்தனை பேசி, பிறகு கண்காணித்து, கடைசியில் கணக்குப் பார்ப்பது போல மனிதன் தன் உள்ளத்தோடு செய்ய வேண்டும் என்பது அங்கே வரும் உவமை. கடைக்காரர் நிறைந்த ஊரில் குத்பாவுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது.

வியாபாரிகளின் அந்தக் குப்பைப் புத்தகத்தைப் படிப்பாளிகளும் எடுத்துக்கொண்டார்கள். ஜேர்மனியின் கொட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பேராசிரியராக இருந்த லிச்டென்பெர்க், தன் குறிப்புக் கொப்பிகளுக்கு வைத்த பெயரே கிறுக்கல் புத்தகம் என்ற அர்த்தத்தில்தான். ஆங்கிலேய வியாபாரிகள் முதலில் கிறுக்கி, பிறகு நாளேட்டுக்கும் அதன்பின் பேரேட்டுக்கும் மாற்றுவதைச் சொல்லி, படித்தவர்களும் இப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதினார். 1799 இல் சாகும் வரை கிறுக்கிக்கொண்டே இருந்தார். அந்தக் கொப்பிகள் அச்சில் வந்தது அவருடைய மரணத்துக்குப் பிறகு. சிட்டை எழுதுவது சுகம், பேரேட்டுக்கு மாற்றுவதுதான் கஷ்டம் என்பதற்கு நம் எல்லோருடைய போனும் சாட்சி. ஜோன் லொக் வேறு பக்கத்தால் வந்தார். எழுதியதைத் தேடி எடுப்பது எப்படி என்பது அவருடைய கவலை. தலைப்பின் முதல் எழுத்தையும் அதையடுத்த முதல் உயிரெழுத்தையும் வைத்து இரண்டே பக்கத்தில் அடங்கும் ஒரு சுட்டியை அமைத்து 1686 இல் பிரெஞ்சில் வெளியிட்டார். இன்று நாம் தேடல் பெட்டியில் தட்டச்சு செய்கிறோம்.

கிழமை என்ற அளவைப் பிடித்துக்கொண்டவர் பெஞ்சமின் பிராங்ளின். இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எனக்குப் பிடித்த மனிதர்.

பிலடெல்பியாவில் அச்சகம் வைத்திருந்த இளைஞன். தன் குணங்களைத் திருத்த வேண்டும் என்று முடிவெடுத்து, பன்னிரண்டு நற்குணங்களைப் பட்டியலிட்டார். ஒரு நண்பர் வந்து, "உனக்கு அகம்பாவம் இருக்கிறதென்று ஊரே பேசுகிறது" என்ற மாதிரிச் சொல்ல, பணிவையும் சேர்த்துப் பதின்மூன்றாக்கினார். ஒரு சின்னப் புத்தகம். ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு பக்கம். சிவப்பு மையில் கோடு கிழித்து ஏழு நாளுக்கு ஏழு நிரல், பதின்மூன்று குணத்துக்குப் பதின்மூன்று நிரை. இரவில் அன்றைய தவறுகளுக்குக் கறுப்புப் புள்ளி. கிழமைக்கு ஒரு குணத்தில் மட்டும் விசேட கவனம். அந்த நிரையில் புள்ளி விழாமல் பார்ப்பதுதான் அந்தக் கிழமை வேலை. 13 கிழமையில் ஒரு சுற்று, வருடத்துக்கு நான்கு சுற்று. 52 கிழமையும் கணக்காக முடிகிறது. அச்சுக்காரனின் மூளை!

அடுத்த சுற்றுக்குப் புள்ளிகளை அழித்து அழித்துத் தாள் ஓட்டையாகிப் போனது. ஆகவே யானைத் தந்தத் தகடுகள் கொண்ட ஒரு குறிப்பேட்டுக்கு மாறினார். சிவப்புக் கோடு அழியாது, பென்சில் புள்ளியை ஈரப் பஞ்சால் துடைத்துவிடலாம். திரும்பத் திரும்பப் பாவிக்கக்கூடிய வார மீளாய்வுக் கருவி. நம்முடைய செயலிகள் "புதிய கிழமை தொடங்குகிறது" என்று பழையதைத் துடைத்துவிட்டு வெறும் கட்டங்களைக் காட்டுகின்றனவே, அதன் முப்பாட்டன் அந்த ஈரப் பஞ்சு.

பிராங்ளின் தன் சுயசரிதையில் ஒளிக்காமல் ஒன்றை ஒப்புக்கொள்கிறார். பதின்மூன்றில் அவரை அதிகம் தோற்கடித்தது ஒழுங்கு, அதாவது பொருளைப் பொருள் இருக்கும் இடத்தில் வைப்பதும் வேலையை அதனதன் நேரத்தில் செய்வதும். கடையில் ஆட்கள் அவர்களுக்கு வசதியான நேரத்தில் வருவார்கள், என்ன செய்வது என்கிறார். காலப்போக்கில் சுற்றுகள் வருடத்துக்கு ஒன்றானது, பிறகு சில வருடத்துக்கு ஒன்று, கடைசியில் பிரயாணங்களில் நின்றே போனது. ஆனால் அந்தச் சின்னப் புத்தகத்தை மட்டும் எப்போதும் கூடவே வைத்திருந்தாராம். மீளாய்வை விட்டுவிட்டுக் கருவியை மட்டும் சுமந்து திரிவது போனுக்கு முன்பே இருந்த வியாதி.

என் பிழை எங்கே என்று காட்டித் தந்தவர் சார்ள்ஸ் டார்வின். அவருடைய கொள்கையைப் பற்றிய வாதத்துக்குள் நான் போகவில்லை, தயவுசெய்து கீழே அதைத் தொடங்கவும் வேண்டாம். அவர் குறிப்பு வைத்த முறையை மட்டும் பாருங்கள். முப்பது நாற்பது பெரிய கோப்புகள், அலுமாரித் தட்டுகளில் பெயரொட்டி. வாசித்த ஒவ்வொரு புத்தகத்தின் கடைசியிலும் தனக்கு வேண்டியவற்றுக்கு ஒரு சுட்டி. ஒரு விடயத்தை எழுதத் தொடங்குமுன் அந்தச் சுட்டிகளையெல்லாம் எடுத்து ஒரு பொதுச் சுட்டி. இதுவரை ஒழுங்கான மனிதர் யாரும் செய்வதுதான். ஆனால் அவர் தனக்கென்று ஒரு பொன் விதி வைத்திருந்ததாகச் சுயசரிதையில் எழுதுகிறார். தன் முடிவுக்கு எதிரான ஒரு தகவலோ ஒரு யோசனையோ கண்ணில் பட்டால், அதை உடனே, தவறாமல் குறித்துவிடுவது. ஏனென்றால் தனக்குச் சாதகமானவற்றைவிட அப்படிப்பட்டவைதான் நினைவிலிருந்து சீக்கிரம் நழுவிப் போகின்றன என்பதைப் பட்டறிந்திருந்தார்.

இதை வாசித்தபோது எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "வகுப்பு பொதுவாக உற்சாகம்" என்ற முடிவுக்கு எதிரான தகவல் அந்தச் செவ்வாய்க்கிழமை வரி. அதை நான் குறித்தேன். சரி. ஆனால் குறித்ததை, எது அடிக்கடி வருகிறதோ அதைப் பிடித்து எது ஒரு தடவை வருகிறதோ அதை விடும் ஒன்றிடம் கொடுத்துவிட்டேன். நூறு வரியைப் பத்தாக்கு என்று நான்தான் சொன்னேன். பின்னம் என்ற சொல் பதினைந்து இடத்தில் வந்தது, அது மேலே வந்தது. சாப்பிடாத பிள்ளை கிழமைக்கு ஒரு வரிதான். ஒவ்வொரு கிழமையையும் தனித்தனியாகச் சுருக்கியதால் மூன்று வரியும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. செயலியில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, கேட்டதைக் கொடுத்தது.

எங்கள் தொழிலுக்கே இதில் ஒரு பழைய கதை உண்டு. 1862 இல் இங்கிலாந்தில் வந்த கல்விச் சட்டத்தொகுப்பு, அரச உதவி பெறும் ஒவ்வொரு பாடசாலையிலும் தலைமையாசிரியர் ஒரு சம்பவத் திரட்டுப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்றது. பரிசோதகர் வந்து பிள்ளைகளைப் பரீட்சித்து, சித்தியைப் பார்த்துப் பணம் கொடுக்கும் காலம். அந்தப் புத்தகத்துக்கு ஒரு நிபந்தனை: பொதுவான அபிப்பிராயங்களும் சிந்தனைகளும் அதில் எழுதக்கூடாது. நடந்ததை மட்டும் எழுது. முதலில் இதைப் படித்தபோது ஆசிரியரின் வாயைக் கட்டிய சட்டம் என்று கோபம் வந்தது. இப்போது கொஞ்சம் வேறு மாதிரியும் தோன்றுகிறது. மழை, பிள்ளைகள் குறைவு, இன்னாருக்குக் காய்ச்சல், அறுவடை என்று வரிவரியாக எழுதப்பட்டதனால்தான் இன்று ஆய்வாளர்கள் அந்தப் பழைய புத்தகங்களைத் திறந்து அந்தக் காலத்துப் பிள்ளைகள் எதற்காகப் பள்ளிக்கு வரவில்லை என்று படிக்கிறார்கள். "வருகை திருப்தி" என்று மட்டும் எழுதியிருந்தால் படிக்க என்ன இருந்திருக்கும்?

நம் பாடக்குறிப்புக் கொப்பியும் இந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளைதான். கிழமை முடிய மேசைக்குப் போகும், கையெழுத்து விழும், திரும்பி வரும். மீளாய்வு என்ற நிரலில் "பாடம் வெற்றி" என்று எழுதாத ஆசிரியர் இருந்தால் கை தூக்குங்கள். நான் தூக்கவில்லை. செயற்கை நுண்ணறிவு வருமுன்பே நாங்கள் அதைப் போல எழுதப் பழகிவிட்டோம்.

இனி இயந்திரத்தின் கதை. குறிப்புகளைத் தானாகப் பொறுக்கித் தரும் வேலையைக் கணினியிடம் கொடுத்தது நேற்று இன்றல்ல. 1979 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடம் வெளியிட்ட யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் நாட்காட்டி என்ற பெயரில் ஒரு சிறு நிரல் இருந்தது. நீங்கள் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் திகதியோடு எதையாவது எழுதி வைப்பீர்கள். ஊர் தூங்கும் நேரம் அது தானாக எழும்பி, எல்லோருடைய கோப்பையும் பார்த்து, இன்றைய அல்லது நாளைய திகதி உள்ள வரிகளை எடுத்து அஞ்சலில் போட்டுவிடும். வார இறுதி வந்தால் "நாளை" என்பதைத் திங்கட்கிழமை வரை நீட்டிக்கொள்ளும். அதைச் செய்தவர்களுக்கும் சனி ஞாயிறு லீவு இருந்திருக்கிறது! 2003 இல் கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் தன் குறிப்புகளை ஒழுங்குபடுத்த ஓர்க் மோட் என்பதை எழுதினார். பல கோப்புகளில் சிதறிக் கிடப்பதை அது ஒரு கிழமைப் பக்கமாகச் சேர்த்துக் காட்டும். இடையில் 2001 இல் டேவிட் அலன் தன் புத்தகத்தில், கிழமைக்கு ஒரு தடவை உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்காவிட்டால் எந்த ஒழுங்கும் நிலைக்காது என்று அலுவலகக்காரர்களுக்குச் சொல்ல, வார மீளாய்வு என்ற சொல்லே அவரோடு ஒட்டிக்கொண்டது.

இவை எல்லாவற்றிலும் கவனித்தீர்களா, இயந்திரம் வரியைத் தேடிக் கொண்டுவந்தது. வரியை மாற்றவில்லை. யூனிக்ஸ் நிரல் நீங்கள் எழுதிய அதே எழுத்துப்பிழையோடு உங்களுக்கு அனுப்பும். கடைப் பொடியன் சிட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து மூத்தாப்பாவின் முன்னால் திறந்து வைத்தது போல. 2022 முடிவில் எல்லோருடைய கைக்கும் வந்த புதிய செயலிகள்தான் பொடியனுக்குப் பேரேட்டையும் கொடுத்தன. மாற்றி எழுதும் கைதான் "இவன் அரிசி எடுக்கல்ல" என்று கண்டுபிடித்த கை. அந்தக் கை வேலையில்லாமல் உட்கார்ந்துவிட்டால் அந்த வீட்டுக்கு நடப்பது யார்?

கணினியை நான் கைவிடவில்லை. முப்பது பிள்ளைகளுக்கு மேல் உள்ள வகுப்புகள் ஐந்து, குறிப்புகளைக் கையால் தேடிப் பொறுக்க எனக்கு நேரமில்லை, வீட்டில் அடியும் விழும். ஏற்பாட்டை மாற்றினேன். வெள்ளி இரவு அது குறிப்புகளைப் பொறுக்குகிறது. சுருக்குவதில்லை. நான் எழுதிய வரியை எழுதியபடியே பிள்ளை வாரியாக அடுக்குகிறது, அதோடு முந்திய ஐந்து கிழமைகளில் அந்தப் பிள்ளையைப் பற்றி எழுதியதையும் பக்கத்தில் வைக்கிறது. அதற்குக் கீழே நான் மிக விரும்பும் பகுதி: ஒரு மாதமாக நான் ஒரு வரிகூட எழுதாத பிள்ளைகளின் பட்டியல். முதல் தடவை அதைப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. சத்தம் போடாத, குழப்படி செய்யாத, கெட்டிக்காரரும் அல்லாத பிள்ளைகள் எல்லாம் அதில் இருந்தார்கள். இதற்குச் செயற்கை நுண்ணறிவே தேவையில்லை, 1979 ஆம் ஆண்டுக் கணினியும் செய்யும். ஆகவே பிள்ளைகளைப் பற்றி எழுதியது எதுவும் என் கணினியை விட்டு எங்கும் போவதும் இல்லை. முன்பு போய்க்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் மனம் உறுத்துகிறது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கவென்று நம் நாட்டில் 2022 இல் ஒரு சட்டமே வந்தது, எங்களில் எத்தனை பேர் அதைப் புரட்டினோம்?

சனிக்கிழமை சுபஹுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம். அந்த வரிகளை வாசித்து, வேண்டியதைக் கையால் ஒரு கறுப்பு அட்டைக் கொப்பிக்கு மாற்றுகிறேன். மாற்றிய வரிக்கு மேல் ஒரு கோடு.

கேட்டவர்களுக்குச் செய்து தருகிறேன், இன்ஷா அல்லாஹ். அதற்கு முன் இரண்டு விடயம். குறிப்புகளில் பிள்ளைகளின் பெயரை எழுதாமல் நீங்கள் மட்டும் அறிந்த ஓர் இலக்கத்தை எழுதிப் பழகுங்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் திகதி போடுங்கள், திகதி இல்லாவிட்டால் எதையும் பொறுக்க முடியாது. இந்தக் கிழமை எனக்கு வந்தவை 41 வரிகள். நான்கு கொப்பிக்குப் போயின. அவற்றில் ஒன்றுக்காக இன்று அஸருக்குப் பிறகு ஒரு வீட்டுப் பக்கம் போக வேண்டும், ஆகவே பின்னூட்டங்களுக்கு இரவில்தான் பதில் எழுதுவேன்.